கண்ணும் கணக்கும்: பெரியபட்டினத்திலிருந்து ஒரு வருட வானம்

ஒவ்வொரு ஜனவரியிலும் வானியல் ஆர்வலர்கள் கைக்கு ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடும். இந்த வருடம் எத்தனை கிரகணம், எந்த இரவில் எரிகல் மழை, எந்த மாதம் வியாழனும் வெள்ளியும் ஒட்டி நிற்கும், எது ‘சூப்பர் மூன்’. எல்லாவற்றுக்கும் மணி, நிமிடம் போட்டிருக்கும். இருபது வருடம் தள்ளி வரப்போகிற கிரகணத்துக்கும் இப்போதே நிமிடம் தெரியும். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு இருட்டான கரை தேடி அலைகிற எனக்கும் அந்தப் பட்டியல்தான் துணை.

ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரியபட்டினம் கடற்கரையில் நின்றால் ஒரு விஷயம் உறுத்தும். பட்டியலைப் போட்டவர் வேறெங்கோ நின்று வானம் பார்த்தவர். ஆகஸ்ட் மாத பெர்சீட் எரிகற்களை வருடத்தின் பெரிய திருவிழா என்பார். லண்டனில் அது சரி. இங்கே அந்த எரிகற்கள் கிளம்பும் புள்ளி, விடியும் நேரத்தில்கூட வடக்கே 41 பாகை உயரத்தைத் தாண்டாது. அதே சமயம், நமக்கு எதிரே தெற்கில், மரமும் மேடும் மறைக்காத மன்னார் வளைகுடாவுக்கு மேல் வருடந்தோறும் நடப்பதைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரி இருக்காது. தெற்கு வானத்தின் ஆழத்தைப் பார்க்க இந்தியாவில் இதைவிட வசதியான கரைகள் குறைவு. பெரியபட்டினம் ஏறக்குறைய 9.3 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டெல்லிக்காரர் கண்ணுக்குத் தென்சிலுவையின் அடி நட்சத்திரம் எழும்புவதே இல்லை. இங்கே அது பதினேழு பாகை மேலேறி நிற்கும்.

இந்தக் கரையில் எழுநூறு வருடத்துக்கு முன்னால் வானத்தைப் பார்த்தவர்கள் யார், எதற்காகப் பார்த்தார்கள் என்று தேடத் தொடங்கியபோது கிடைத்தவைதான் இங்கே. தேடலில் திரும்பத் திரும்ப ஒரே தகராறு வந்து நின்றது: கண்ணை நம்புவதா, கணக்கை நம்புவதா?

*

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கீழக்கரைக்குக் கிழக்கே உள்ள இன்றைய பெரியபட்டினம் பார்வைக்குச் சாதாரணக் கடலோர ஊர். ஆனால் 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமாவும் இங்கே அகழாய்வு செய்தபோது, மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் துண்டுகள் குவியலாக வந்தன. பச்சை மெருகிட்ட லோங்சுவான் பீங்கான், வெள்ளையில் நீலம் தீட்டிய யுவான் காலத்துப் பீங்கான் எல்லாம் அதில் இருந்தன. பெரும்பாலானவை 13, 14-ம் நூற்றாண்டுச் சரக்கு. 1344-ல் மதுரை சுல்தானிடம் வந்த இப்னு பதூதா எழுதும் ‘ஃபத்தன்’ துறைமுகம் இந்த ஊர்தான் என்று கராஷிமா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதே நூற்றாண்டில் கடலோடிய சீனர் வாங் தாயுவான் குறிப்பிடும் ‘தா-பா-தான்’ என்பதும் இதுவே என்கிறார்கள். பாண்டியர் காலத்தில் இதற்குப் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று பெயர்.

அப்படியென்றால் ஒரு தை மாத இரவில் இந்தத் துறையில் தமிழ் மாலுமியும் அரபு மாலுமியும் சீன மாலுமியும் ஒரே தெற்கு வானத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கே கண்ணில் முதலில் படுவது ஒரு வெண்ணிற நட்சத்திரம். முழு வானத்திலும் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். தமிழர் அதை அகத்தியர் என்றார்கள். அரபிகளுக்கு அது சுஹைல். பாலைவனத்தில் அது விடிகாலையில் தலைகாட்டினால் கோடை முடிகிறது என்று அர்த்தம். சீனர்களுக்கு அது தென்திசைக் கிழவர், நீண்ட ஆயுள் தருபவர். வட சீனாவில் அது தொடுவானத்தை உரசிக்கொண்டு அபூர்வமாகத் தெரியும் நட்சத்திரம். அந்தக் கிழவர் இங்கே 28 பாகை உயரத்தில் அலட்டிக்கொள்ளாமல் நிற்பதைப் பார்த்த சீன மாலுமிக்குத் தான் எவ்வளவு தெற்கே வந்துவிட்டோம் என்று யாரும் சொல்லத் தேவையிருந்திருக்காது.

*

கடலில் அந்த ‘எவ்வளவு’ என்பதை அளக்க ஒரு கருவி இருந்தது. சின்னப் பலகை ஒன்று, அதன் நடுவில் கோத்த கயிறு, கயிற்றில் வரிசையாக முடிச்சுகள். கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து, பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதுதான் நீங்கள் இருக்கும் அட்சரேகை. அரபிகள் இதைக் கமால் என்றார்கள். தமிழ் மாலுமிகள் வழக்கில் இராப்பலகை. சோழமண்டலக் கரை மாலுமிகள் இதைப் பயன்படுத்தியதை காங்கிரீவ் என்ற மதராஸ் பீரங்கிப் படை அதிகாரி 1850-ல் ஒரு கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். நீராவிக் கப்பல் வந்த பிறகும் அந்தப் பலகை புழக்கத்தில் இருந்திருக்கிறது.

அளவு விரல் கணக்கில். நீட்டிய கையில் ஒரு விரலின் தடிமன் ஏறக்குறைய 1.6 பாகை. ஒரு பாகை என்பது கடலில் 111 கிலோமீட்டர். ஆக ஒரு விரல் தவறினால் 180 கிலோமீட்டர் தவறு. நாலில் ஒரு பங்கு விரலைப் பிரித்தறிய முடிந்த கைதேர்ந்த மாலுமிக்கும் 45 கிலோமீட்டர் இடறும். கரை தெரியும் தூரத்துக்கு வந்துசேர அது போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துருவ நட்சத்திரம் இன்று வட துருவத்தை ஏறக்குறைய ஒட்டி நிற்கிறது. பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தலையாட்டுவதால், இப்னு பதூதா காலத்தில் அது துருவத்திலிருந்து நாலு பாகைக்கும் மேல் தள்ளி இருந்தது. அசையாத நட்சத்திரம் என்று நம்பி அளந்தால், ஒரே துறைமுகத்தில் நின்றுகொண்டே மாலையில் ஓர் அளவும் விடிகாலையில் இன்னோர் அளவும் வரும். வெறும் கண் அங்கே தோற்றுவிடும். அந்த நேரத்தில் எந்தச் சந்திர நட்சத்திரம் உச்சத்தில் இருக்கிறது என்று பார்த்து இவ்வளவு கூட்டு, இவ்வளவு கழி என்று திருத்தும் வாய்பாட்டை அரபு மாலுமிகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பலகை கண்ணுடைய வேலை, வாய்பாடு கணக்குடைய வேலை. இரண்டும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தன.

இந்தக் கரையில் எல்லா நட்சத்திரத்துக்கும் பொதுப்பெயர் வெள்ளிதான். அந்த வெள்ளிகளை இப்போதும் பார்த்துப் போகிறீர்களா என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன்.

“இப்ப எவன் தம்பி ஜிபிஎஸ் இல்லாம போறான்? வெள்ளியப் பாத்துப் போனா வீடு வந்து சேந்துரலாம். கோடு எங்கிட்டு இருக்குன்னு வெள்ளி சொல்லுமா?”

அவர் சொன்ன கோடு இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் கடலில் வகுத்த எல்லை. அதைத் தாண்டினால் படகு போகும், ஆள் சிறைக்குப் போவார். 45 கிலோமீட்டர் இடறுகிற அறிவுக்கு அந்தக் கடலில் இனி இடமில்லை. நட்சத்திர அறிவு சோம்பலால் அழிந்தது என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நிர்ப்பந்தம் மாறியது, கருவியும் மாறியது.

*

ஆனால் ஒரே ஒரு வானக் காட்சிக்காக இன்றும் இந்த ஊர் முழுசாக மேலே பார்க்கிறது. அது பிறை.

பெரியபட்டினத்தில் இஸ்லாமியர் அதிகம். இஸ்லாமிய மாதம் பிறையோடு பிறக்கிறது. அமாவாசை முடிந்து மேற்கே சூரியன் மறைந்தபின் மெல்லிய கீற்று தெரிந்தால் மறுநாள் புது மாதம். தெரியாவிட்டால் நடப்பு மாதத்துக்கு முப்பது நாள். அப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள். அதனால் ரமலான் வருடத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, முப்பத்து மூன்று வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. வருடத்தின் எல்லாப் பருவத்திலும் மேற்கு வானத்தைத் துழாவிப் பழகிய சமூகம் இது. ‘அமெச்சூர் வானியலாளர்’ என்ற சொல் வருவதற்கு எவ்வளவோ முன்பே அந்த வேலையைச் செய்தவர்கள்.

இந்த அட்சரேகை அதற்குத் தோதானது. இங்கே நிலா சூரியனுக்குப் பின்னால் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அதனால் பிறை நிமிர்ந்து நிற்காமல் தோணி மாதிரி மல்லாந்து மிதக்கும், அந்தி மங்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஐரோப்பாவில் சில மாதங்களில் அது தொடுவானத்தை உரசியபடி சாய்ந்து ஒளிந்துவிடும். இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. சூரியனிலிருந்து ஏறக்குறைய ஏழு பாகை விலகும்வரை பிறையே உருவாகாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ழோன் 1930-களில் காட்டினார். வெறும் கண்ணுக்கு அதைவிட அதிக விலகல் வேண்டும். அமாவாசை கணத்துக்குப் பத்து மணி நேரம்கூட ஆகாத நிலாவை ‘பார்த்தேன்’ என்று ஒருவர் வந்து சாட்சி சொன்னால், அவர் மனதாரப் பொய் சொல்லவில்லை என்றாலும் அவர் கண்டது நிலா இல்லை.

தகராறு இங்கேதான். நம் ஊரில் கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்கிறவர்கள் ஒரு பக்கம். அமாவாசை நேரம் விநாடி சுத்தமாகத் தெரியும்போது எதற்குக் கண் என்று கணக்கை வைப்பவர்கள் ஒரு பக்கம். உலகில் எங்கே பிறை தெரிந்தாலும் சரி என்கிறவர்கள் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்புக்குக் காத்திருக்கும் தெருவிலேயே முந்தின நாள் பெருநாள் கொண்டாடிய வீடும் இருக்கும். ஒரு வீட்டில் பிரியாணி, பக்கத்து வீட்டில் நோன்பு. அண்ணன் தம்பிக்குள்ளேயே இது நடக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியலாம். சேர்ந்து சாப்பிடவேண்டிய நாளில் தனித்தனியாகச் சாப்பிடும் குடும்பத்துக்கு அது வேடிக்கை இல்லை.

மலேசியாவின் பினாங்கில் பணியாற்றிய வானியலாளர் முகம்மது இல்யாஸ் 1980-களில் இதற்கு ஓர் அழகான விளக்கம் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் பிறை முதலில் தெரியத் தொடங்கும் கோடு ஒன்று உலகப் படத்தில் வளைந்து ஓடும். அது ஒவ்வொரு மாதமும் இடம் மாறும் நாள்கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவேறு நாளில் மாதம் பிறப்பது தவறே இல்லை, பூமி உருண்டை என்பதன் விளைவு. கணக்கு கண்ணை விரட்டவில்லை. கண் எங்கே ஜெயிக்கும், எங்கே ஜெயிக்காது என்று முன்கூட்டியே சொல்கிறது.

*

இதை இஸ்லாமியர் வீட்டுச் சண்டை என்று நினைத்தால் பக்கத்தில் சேதுக்கரைக்குப் போய் வாருங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோருக்குத் திதி கொடுக்கக் கூட்டம் கூடும் கரை அது. அங்கே கையாளும் பஞ்சாங்கத்துக்குள்ளும் இதே தகராறு இருக்கிறது.

வாக்கியப் பஞ்சாங்கம் என்பது பழைய தமிழ்நாட்டின் கணக்கு முறை. நிலாவின் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் அடக்கி வைத்தார்கள். 248 நாளில் நிலா தன் நெருங்கி விலகும் சுற்றை ஏறக்குறைய மிகச் சரியாக ஒன்பது முறை முடிக்கிறது. அதனால் அந்த எண். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துக்கும் ஓர் இலக்கம். வாக்கியத்தைச் சொன்னால் எண் வந்துவிடும். அட்டவணைப் புத்தகமே தேவையில்லை.

இதன் சக்தியைப் பார்த்து அசந்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி. 1761-ல் சூரியனைக் கடக்கவிருந்த வெள்ளியைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்ததால் கரையேற முடியவில்லை. ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது அளவுக்கு உதவவில்லை. அடுத்த வாய்ப்புக்காக எட்டு வருடம் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் அவர் கட்டிய ஆய்வகத்துக்கு மேல் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்ததும் வெயில் அடித்தது. கணக்கு துல்லியம், கண்ணுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பில் அவர் ஒரு தமிழரிடம் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அந்தத் தமிழர் சோழிகளைத் தரையில் பரப்பி, முக்கால் மணி நேரத்தில் விடை சொன்னார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவர் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பா அன்று கொண்டாடிய டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகம்.

நம் வாட்ஸப் குழுக்கள் இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொள்ளும். அடுத்த பகுதியும் இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் 1825-ல் வெளியான ‘கால சங்கலித’ நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் கணிப்பைப் பதிவு செய்தார். அதே போலச் சோழி, அதே போல மனப்பாட வாக்கியம். 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அவருக்கு முறை தெரிந்திருந்தது. அந்த முறை ஏன் அப்படி என்ற அறிவு தலைமுறைகளின் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது.

சோழியை வைத்து மனதிலேயே இவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம்தான். ஆனால் 52 நிமிடப் பிழையை அன்று இரவு வாசலில் நின்று நிலாவைப் பார்த்த எவரும் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடித்தால் திருத்த வேண்டும். திருத்துகிற வழக்கம் நின்றுபோயிருந்தது.

அப்படி ஒரு வழக்கம் இருந்ததா என்றால், இருந்தது. கேரளத்தில் வடசேரி பரமேஸ்வரன் ஐம்பத்தைந்து வருடம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431-ல் ‘திருக்கணிதம்’ என்ற புதிய முறையைக் கொடுத்தார். திருக் என்றால் பார்வை. பார்வையோடு பொருந்தும் கணிதம் என்பதே பெயரின் அர்த்தம். மரபுக்குள்ளிருந்தே வந்த திருத்தம் அது.

நானூறு வருடம் கழித்து மதராஸ் வானாய்வகத்தில் அதே பெயரை மறுபடி கையில் எடுத்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்தவர், வானாய்வகத்தில் உதவியாளராக உயர்ந்தவர். 1867-ல், தென்வானத்தில் ரெட்டிகுலம் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் மங்கியும் ஒளிர்ந்தும் மாறுவதைக் கண்டறிந்தார். சென்னையிலிருந்து அது 14 பாகை உயரம்தான் ஏறும். பெரியபட்டினத்தில் இன்னும் கொஞ்சம் மேலே. 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தக் கழகத்தில் சேர்ந்த முதல் இந்தியர்களில் ஒருவர். 1874 வெள்ளி இடைநகர்வை மக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதினார். நவீன வானியல் அட்டவணைகளை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். பழைய பஞ்சாங்கக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை அவர் 1880-ல் இறந்தபின்னும் ஓயவில்லை. 2023-ல் சனிப் பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே சனி, பதினோரு மாத வித்தியாசம். கோயில்கள் பெரும்பாலும் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன.

ஒரு சடங்கு எந்த நாளில் நடக்கவேண்டும் என்பதை அந்தச் சமூகம்தான் முடிவுசெய்ய வேண்டும். அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சனி எங்கே இருக்கிறது என்பது சமூக முடிவு இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் தெரியும். இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: கணக்கு தானாகக் கெட்டுப்போவதில்லை, அதைப் பார்த்துச் சரிசெய்யும் கண்கள் ஓய்ந்த பிறகுதான் கெடுகிறது. கணக்கில்லாத கண்ணோ, இல்லாத பிறையையும் பார்த்துவிடும்.

*

இந்தக் கரையோரம் இரண்டும் ஒரே மணலில் நின்ற ஒரு நாள் உண்டு. 2010 ஜனவரி 15, தை அமாவாசை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் திதி கொடுக்க வந்த கூட்டம். அதே நாளில் வளையச் சூரிய கிரகணம். இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்டது, உச்சத்தில் 11 நிமிடம் 8 விநாடி. அதன் நடுக்கோடு தனுஷ்கோடிப் பக்கம் கடந்ததால் நாடெங்கும் இருந்து வானியல் ஆர்வலர்கள் வடிகட்டியும் கேமராவுமாக வந்து குவிந்தார்கள். அங்கே பத்து நிமிடம் சூரியன் நெருப்பு மோதிரமாக நின்றது. ஒருவர் முன்னோருக்காகக் கடலில் முங்க, ஒருவர் மூன்றுகால் நிறுத்தியைச் சரிசெய்ய, இருவருக்கும் நேரம் குறித்துக் கொடுத்தது ஒரே நிலா.

இப்போது பட்டியலுக்கு வருவோம். இந்தக் கரையிலிருந்து போட்டால் என் பட்டியல் இப்படி இருக்கும்.

மாசியில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே அகத்தியர். வைகாசி பிறக்கும்போது அதே மணிக்கு அதே இடத்தில் தென்சிலுவை. அதற்குக் கொஞ்சம் கிழக்கே, ஆனியில் நடுத் தெற்குக்கு வரும் ஆல்ஃபா செண்டாரி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் கூட்டம். ஆடியில் விருச்சிகமும் அதன் வாலருகே பால்வீதியின் நடுப்பகுதியும். ராமநாதபுரத்துக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் வருவதால், மற்ற ஊர் ஆர்வலர்கள் மேகத்தைத் திட்டும் ஆடி, ஆவணியில் இங்கே வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். கார்த்திகை மாதம் நள்ளிரவில், மாதத்துக்குப் பெயர் கொடுத்த கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய உச்சந்தலையில். டிசம்பர் 13 இரவு ஜெமினிட் எரிகற்கள். அவை கிளம்பும் புள்ளி இங்கே உயரமாக ஏறும், மழை விட்டுக்கொடுத்தால் பெர்சீடைவிட நல்ல வேட்டை. நடுநடுவே பன்னிரண்டு பிறைகள். ஒவ்வொரு மாதமும் அமாவாசைக்கு மறுநாள் சூரியன் மறைந்ததும் நாற்பது நிமிடம் மேற்கே பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

வருடாந்திரம் இல்லாதவையும் வரிசையில் இருக்கின்றன. 2028 டிசம்பர் 31 இரவு பத்தரை மணி வாக்கில், புத்தாண்டு வெடிக்குக் கொஞ்சம் முன்னால், முழுச் சந்திர கிரகணம் உச்சத்தில் இருக்கும். 2031 மே 21 அன்று மதுரை, காரைக்குடி வழியாக இன்னொரு வளையச் சூரிய கிரகணம். 2028 இரவுக்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் நேரம், திருக்கணிதத்தின் நேரம், கைப்பேசியின் நேரம் மூன்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கோ கடற்கரைக்கோ போங்கள். நிழல் நிலாவைத் தொடும் நேரத்தை நாலாவதாக உங்கள் கையால் எழுதுங்கள்.